பாம்புச் செவி

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாண்டு எழுதுகிறேன். நீயும் அண்ணியும் நலம் என்று அண்ணி போனில் சொன்னார். நீ சொல்லிக் கேட்டு எத்தனை மாதமாகிறது? நான் எப்போது கூப்பிட்டாலும் உன் கையில் கிரீஸ் இருக்கிறது, இல்லாவிட்டால் நீ வெளியே போயிருக்கிறாய். போன வாரம், "எதுவா இருந்தாலும் எழுதச் சொல்லு" என்று பின்னாலிருந்து உன் குரல் மட்டும் வந்தது. சரி, எழுதுகிறேன். இந்தக் காலத்தில் வீட்டுக்குக் கடிதம் வந்தால் கோர்ட் நோட்டீஸ் என்றுதான் பக்கத்து வீட்டில் நினைப்பார்கள். உன் பாடு.

இங்கே உன் மாப்பிள்ளை சுகம். நானும் சுகம்தான், வலது முட்டியைத் தவிர. ஜவ்வு தேய்ந்துவிட்டதாம். என் வேலையோ உனக்குத் தெரியும், எழுந்திருக்க முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ் வேலை. சமதளத்தில் சைக்கிள் ஓட்டிவிடுகிறேன். மேட்டுத் தெருவில்தான் உயிர் போகிறது. முடியாவிட்டால் சொல், ஸ்டோர் ரூமில் பஞ்சு எண்ணப் போடுகிறேன், மேட்டுத் தெருவை விட்டுவிடலாம் என்கிறார் மேலதிகாரி அம்மா. விட்டுவிடலாமாம். அங்கே இருப்பவர்கள் யாரிடம் போவார்கள்?

ஸ்கூட்டர் வாங்கினால் என்ன என்று நீ கேட்பாய். ஒருமுறை கடன் வாங்கிக்கொண்டு போனேன். மேட்டின் உச்சியில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். முதுகெலும்பில் நோய். ராத்திரியெல்லாம் வலியில் கிடந்து, முற்பகலில்தான் கண்ணை மூடுவார். என் வண்டிச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு விழித்தார். விழித்தால் வலியும் கூடவே விழித்துக்கொள்கிறது. தூங்கும்போதே புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவதுதான் என் கெட்டிக்காரத்தனம். அதில் மண் விழுந்தது.

என் பழைய சைக்கிளுக்கு ஒரு மோட்டார் பொருத்தித் தர முடியுமா? சத்தம் கூடவே கூடாது. பம்பு தொழிற்சாலையில் ஓடுகிற மோட்டாரின் நோயை ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துச் சொல்கிறவன் நீ. வீட்டில் உனக்குப் பாம்புச் செவி என்றுதானே பேர். உன்னை விட்டால் எனக்கு யார்?

அண்ணிக்கு என் அன்பு.

வாண்டு

ஜனவரி 21

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். முட்டியை வைத்துக்கொண்டு வீரம் காட்டாதே. மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ.

நீ கேட்டதைச் செய்யலாம். சக்கரத்தின் நடுவில் வைக்கிற மோட்டார் உனக்கு ஆகாது. சமதளத்தில் ராஜா, மேட்டில் மூச்சு வாங்கும். பெடல் அச்சோடு சேர்த்து, சைக்கிளின் நடுவயிற்றில் வைக்க வேண்டும். அப்போது மோட்டாரின் பலம் உன் காலின் பலம் போலவே செயின் வழியாகப் போகும். கியரைக் குறைத்துக்கொண்டால் சுவரில்கூட ஏறலாம்.

பெடல் அச்சு ஓடுகிற குழாயின் அகலத்தை அளந்து அனுப்பு. மாப்பிள்ளையிடம் அளக்கக் கொடுக்காதே. அவர் அளந்து செய்த அலமாரியின் கதவு இன்னும் மூடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. சோதனைப் பிரிவிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. ஓய்வான வேலைதான்.

அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் அப்படியே இருக்கிறோம், முட்டி உட்பட. அளவு தனித் தாளில் இருக்கிறது, நானே அளந்தேன். உன் மாப்பிள்ளை உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "கதவு மூடாததால்தான் உள்ளே காற்றோட்டமா இருக்கு" என்று சொல்லச் சொன்னார்.

உன்னை ஏன் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்? உன் காதை நம்பித்தானே அந்தப் பிரிவே ஓடியது? முதலாளியோடு சண்டை போட்டாயா? நீ வாயைத் திறக்கிற ஆளில்லையே. எதுவானாலும் எழுது, மனசுக்குள் போட்டுப் பூட்டாதே.

தையல்காரம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "அண்ணன் இருக்கிறவளுக்கு மேடு என்ன, பள்ளம் என்ன" என்றார். இப்போது தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறேன். மேலே போய்ச் சேரும்போது அவர் விழித்துவிடுகிற நேரம் ஆகிவிடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாண்டு

மார்ச் 3

அன்புள்ள வாண்டுக்கு,

நலமே. உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

வேலை ஏறக்குறைய முடிந்தது. முதலில் இரும்புப் பற்சக்கரம் போட்டுப் பார்த்தேன். மாவு மில் மாதிரி உறுமியது. கழற்றிவிட்டு முதல் கட்டத்துக்கு ரப்பர் பெல்ட் போட்டேன். இரண்டாம் கட்டத்துக்கு நைலான் பல் வைத்துக் கடைந்தேன். உறுமல் போய்விட்டது. பேரிங்கும் புதியது. இப்போது ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்துக் காதைக் கொடுத்தாலும் ஒன்றும் இல்லை. கையை வைத்துத் தொட்டால்தான் ஓடுகிறது என்றே தெரிகிறது. இத்தனை வருஷத்தில் நான் இப்படி ஒரு அமைதியான மோட்டாரைத் தொட்டதில்லை.

அண்ணிக்குத்தான் இப்போதெல்லாம் அடிக்கடி தலைவலி. நான் மோட்டாரை மேசையில் ஏற்றினாலே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு நாய்க்கும் என் தொழில் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு சுவரேறி நிற்கிறது.

அடுத்த வாரம் லாரி பார்சலில் வரும். முக்குக்கடை சைக்கிள்காரரிடம் பொருத்தச் சொல். செயினைத் தொய்வாக விடக்கூடாது.

அண்ணன்

மார்ச் 18

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். பார்சல் பத்திரமாக வந்தது. சைக்கிள்காரர் பொருத்திவிட்டார். நல்ல வேலைப்பாடு என்று அவரே சொன்னார்.

மேட்டில் தூக்கிக்கொண்டு போகிறது. சத்தமே இல்லை. மிகவும் நன்றாக இருக்கிறது.

ஓடவிட்டுப் பார்த்தபோது உனக்கு ஒன்றும் கேட்கவில்லை, இல்லையா? சும்மாதான் கேட்டேன். வேலை நெருக்குகிறது, பிறகு எழுதுகிறேன்.

வாண்டு

மார்ச் 29

அன்புள்ள வாண்டுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் நாலு வரி என்றாலும் எனக்கு நாலு நாள் சாப்பாடு. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஒரு நல்ல சேதி. இங்கே சைக்கிள் பாகம் செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளியிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "நர்சம்மாவே சத்தமில்லைன்னு சொல்றாங்களா? அப்ப கொண்டுவந்து காட்டுங்க" என்றார். உனக்குச் செய்தது போலவே இன்னொன்று செய்து முடித்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பட்டறையில் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டுகிறேன். பிடித்துவிட்டால் இதை அவர்களே செய்து விற்பார்கள். அதற்குப் பொறுப்பு நான்தான். டேப் ஒட்டுவதை விட்டுவிடலாம்.

பேக்கிங் ஓய்வான வேலை என்று எழுதினேன். அது பொய். ஒரு மனுஷனை மூலையில் உட்காரவைக்க அதைவிடச் சுத்தமான வழி கிடையாது. அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. இந்த மோட்டார்தான் என்னை மறுபடியும் ஆளாக்கப்போகிறது.

தையல்காரம்மா நன்றாகத் தூங்குகிறாரா? எழுது.

அண்ணன்

ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம் அண்ணி. உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது? அது எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

போனில் சொல்லலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அண்ணன் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள்.  அதனால் எழுதுகிறேன்.

அந்த மோட்டார் கத்துகிறது அண்ணி. உறுமல் இல்லை, கீச்சென்று ஒரு விசில், பல் கூசும். முதல் நாள் மேட்டில் ஏறியபோது தெருவில் உள்ள நாயெல்லாம் ஊளையிட்டது. தையல்காரம்மா விழித்துக் காதைப் பொத்திக்கொண்டு அழுதார். அதோடு பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போது மோட்டாரின் கனத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு ஏறுகிறேன். சத்தமே இல்லை என்று எழுதினேனே, ஓட்டாத மோட்டாருக்கு ஏது சத்தம்?

சைக்கிள்காரர்தான் கேட்டார், "இதைச் செஞ்சவர் ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கலையா?" என்று. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போனை எடுக்காதது, எழுதச் சொன்னது, பேக்கிங்குக்கு மாற்றியது. அண்ணனுக்குக் காது கேட்கவில்லை, அப்படித்தானே?

பாம்புச் செவி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவனிடம், உனக்குக் கேட்கவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது என் பொய்யை நம்பிப் பட்டறைக்குப் போகிறான். எப்படியாவது வெள்ளிக்கிழமை போகாமல் தடுத்துவிடுங்கள்.

வாண்டு

ஏப்ரல் 11

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். இப்போதெல்லாம் அவர் எங்கே போனாலும் நான் போகிறேன். யாராவது கேட்பதை நான் கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்வேன், அவர் என் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் ஓடுகிறது. பேரிங் போன பம்பு ஒன்றை நல்லது என்று அனுப்பிவிட்டார். அதில்தான் தொழிற்சாலையில் தெரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லக்கூடாது, வாண்டுக்குச் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பட்டறையில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திக் கைப்பிடியைத் திருகினார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி காதைப் பொத்தினார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று உன் அண்ணன் நினைத்துவிட்டார். அவரும் சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா, சத்தமே இல்ல" என்றார். இன்னும் திருகினார். நான் போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

முதலாளி நல்ல மனுஷர். என் பக்கம் திரும்பி மெல்ல, "சாருக்குக் காது..." என்றார். அதை மட்டும் அவர் உதட்டிலிருந்து உன் அண்ணன் படித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தோம். வந்ததும், "வாண்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மறுநாள் உன் கடிதம் வந்தது. மறைத்து மறைத்து எனக்குச் சலித்துவிட்டது, அவரிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு உன் பழைய கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அதோடு சேர்த்து மடித்து வைத்தார்.

தலைவலியைப் பொறுத்துக்கொண்டேனே தவிர, நிறுத்துங்கள் என்று நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டு நீயும் நானும் சேர்ந்தல்லவா அவரை அந்தப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

அண்ணி

ஏப்ரல் 17

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. பொய் சொன்ன வாய்க்குச் சோறு கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைக்கத்தான் செய்கிறது, இறங்கத்தான் மாட்டேன் என்கிறது.

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவள் நான். யார் யாருக்கோ காதில் மருந்து விட்டிருக்கிறேன். என் அண்ணனுக்குக் கேட்கவில்லை என்பதை முக்குக்கடை சைக்கிள்காரர் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? காது போனால் அண்ணன் போய்விடுவானா?

திட்டுவது இவ்வளவுதான். இனி எழுதுவது மார்ச் மாதமே நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம். நேற்று பேட்டரியை மாட்டி, ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோட்டில் ஓட்டிக் கேட்டேன். கைப்பிடியைத் திருகியதும், வண்டி நகரும் முன்பே, விசில் தொடங்குகிறது. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அதே சுருதி. சக்கரத்தின் வேகம் கூடினாலும் சுருதி கூடவில்லை. மேட்டில் பாரம் ஏறினால் உரக்கக் கத்துகிறது, ஆனால் சுருதி அதேதான். கைப்பிடியை விட்டதும் டக்கென்று நின்றுவிடுகிறது, அதன் பிறகும் மோட்டார் கொஞ்சம் சுற்றுகிறது, அப்போது சத்தமில்லை. பெல்ட்டில் சத்தமில்லை. நைலான் பல்லில் சத்தமில்லை. நீ அமைதியாக்கியது எல்லாம் உண்மையிலேயே அமைதியாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

வாண்டு

ஜூன் 27

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன். நலமாக இருக்கிறேன் என்று எழுத முடிகிற அளவுக்கு நலம். இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. முதல் மாதம் கோபம், உன்மேல், அண்ணிமேல், நாய்மேல்கூட. அதற்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லையே.

காது டாக்டரிடம் போனோம். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்தினேன். பிறகு வெகுநேரம் அழுத்தவே இல்லை. இயந்திரம் பழுதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அந்தப் பக்கம் அண்ணி அழுதுகொண்டிருந்தாள். தணிந்த சத்தமெல்லாம் இருக்கிறது, உச்சச் சத்தம் எல்லாம் போய்விட்டது. திரும்பி வராது. மோட்டார் பக்கத்திலேயே நின்ற வருஷங்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டன. காதுக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். போட்டால் வீட்டில் பாத்திரம் எல்லாம் சண்டை போடுகிறது. பழக வேண்டுமாம்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்வார்களே, ஏப்ரல் மாதம் நீ எழுதியது அப்படி ஆகவில்லை. சக்கரத்தின் வேகம் கூடினாலும் சுருதி கூடவில்லை என்று எழுதினாய் பார், அந்த ஒரு வரி. சுற்றுகிற பாகத்தில் கோளாறு என்றால் வேகத்தோடு சுருதியும் ஏறியாக வேண்டும். ஏறவில்லை என்றால் திருடன் மோட்டாரில் இல்லை, கன்ட்ரோலரில் இருக்கிறான். அது மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டுதான் விசில். வெட்டுகிற வேகத்தை இன்னும் ஏற்றிவிட்டால், விசில் மனுஷக் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எனக்குக் கேட்காததை யாருக்குமே கேட்காதபடி செய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அண்ணியை மேசைக்கு எதிரே உட்காரவைத்தேன். விசில் கேட்கிற வரை கையைத் தூக்கியே வை, நின்றதும் மடியில் வை என்றேன். நான் மோட்டாரைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டே திருகினேன். முதல் நாளெல்லாம் கை இறங்கவே இல்லை. பாவம், வலிக்கிறது என்று கையை மாற்றிக்கொண்டாள். வேறு கன்ட்ரோலர், வேறு மின்தேக்கி என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கையை மடியில் வைத்தாள். நான் திருகத் திருக, மடியிலேயே இருந்தது. நாய் மட்டும் இன்னும் குரைக்கிறது. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கன்ட்ரோலரை அனுப்புகிறேன். சத்தம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீ சொல். என்மேல் இரக்கப்பட்டு எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அண்ணன்

ஜூலை 26

அன்புள்ள அண்ணா,

நீங்கள் இருவரும் நலம்தானே. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துவிட்டேன் என்று சொல்லாதே, அண்ணி எனக்கு எல்லாம் எழுதுகிறார்.

சத்தங்களின் பட்டியல் முதலில். கைப்பிடியைத் திருகும்போது உள்ளே ஒரு சின்ன டிக், கட்டைவிரல் நகத்தை மேசையில் தட்டுகிற அளவு. செயின் லேசாக உரசுகிறது. அது உன் மாப்பிள்ளை எண்ணெய் போட்ட லட்சணம், உன் கணக்கில் சேராது. விசில் இல்லை. மேட்டில் பாரம் ஏறும்போதும் இல்லை. சைக்கிள்காரரை ஓட்டச் சொல்லி நான் தெருவோரம் நின்று கேட்டேன், இல்லை. நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

தையல்காரம்மா வீட்டுக்கு முற்பகலில் போனேன். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால் நல்ல தூக்கம். கட்டு மாற்றினேன், மருந்தை எடுத்து வைத்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் தானாக விழித்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "நீ எப்ப வந்தே? இவ்வளவு மேடும் நடந்தா வந்தே?" என்று கேட்டார்.

இல்லை அம்மா, என் அண்ணன் கொண்டுவந்து விட்டான் என்றேன். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார், நீ நிற்கிறாயோ என்று.

பத்து நாள்போல அப்படியே தூங்கினார். போன வியாழக்கிழமை போய்விட்டார், தூக்கத்தில். சேதி கேட்டு மேட்டில் ஏறும்போது, இன்றைக்குக் கத்தினாலும் பரவாயில்லையே என்று இருந்தது. வண்டி சத்தம் போடவில்லை. நான்தான் அழுதேன்.

மேட்டுத் தெரு என் கையிலேயே இருக்கிறது, மேலதிகாரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்னும் நாலு வீடு அங்கே இருக்கிறது. எங்களில் மூன்று நர்சுகள் இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். பட்டறை முதலாளியிடம் மறுபடியும் போ. இந்தக் கடிதத்தைக் காட்டு. டிக்கையும் சேர்த்துக் காட்டு.

வாண்டு

ஆகஸ்ட் 8

அன்புள்ள வாண்டுக்கு,

நாங்கள் நலம். மாப்பிள்ளையை எண்ணெய்க் குப்பியைத் தொட வேண்டாம் என்று சொல்.

பட்டறைக்குப் போனேன். காதில் கருவியோடு, அண்ணி இல்லாமல், தனியாக. முதலாளியிடம், "எனக்கு உச்சச் சத்தம் கேக்காது. நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல ஒன்றரை வருஷம் பிடித்தது, சொன்னபோது ஒரு மூச்சுதான் ஆயிற்று. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றித் திருகினேன். இந்தத் தடவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் வந்து சேரச் சொல்லியிருக்கிறார். அந்த டிக் என்ன என்று கண்டுபிடித்துவிட்டேன், ஒரு ஸ்பிரிங். சரிசெய்து அனுப்புகிறேன்.

தையல்காரம்மாவை நான் பார்த்ததே இல்லை. வாசலில் அவர் என்னைத் தேடினார் என்று எழுதியிருந்தாய். என்னைத் தேடுகிற ஆள் ஒருவர் குறைந்துவிட்டார் என்று இருக்கிறது.

உன் கடிதத்தை அண்ணிதான் சத்தமாக வாசித்தாள், டாக்டர் அப்படிப் பழகச் சொல்லியிருக்கிறார். "நடந்தா வந்தே" என்று அவர் கேட்ட இடம் வந்தபோது, காதில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வாசி என்றேன். வாசித்தாள். இன்னும் சரியாக விழவில்லை என்றேன்.

முதல் தடவையே விழுந்துவிட்டது, வாண்டு. அவளிடம் சொல்லிவிடாதே.

அண்ணன்